தை மாதத்துக் குதிரைப்படை

எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். தோவாளைக்குப் பக்கத்தில் நெல்லும் பிச்சிப்பூவும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, மதராஸ் வாரப்பத்திரிகை ஒன்றில் சரித்திரத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் கதை. உலையில் அரிசி கிடப்பதை மறந்து அரசகுமாரியைத் தேரில் ஏற்றிவிடுவேன். சோறு குழைந்துபோகும், அரசகுமாரி தப்பித்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் அந்தக் குழைந்த சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போவார். கதையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாராவாரம் நான் ஒட்டாமல் கொடுக்கும் உறையை, தபாலாபீசில் பசை தடவி ஒட்டிப் பெட்டியில் போடுவதுதான் அவர் வேலை. பூக்காரர்கள்கூட என் கதையைப் பேசினார்கள். இந்த மனிதருக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லையே என்று உள்ளூர எனக்குக் கோபம்.

இப்படி இருக்கையில் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. போர்க்கள அத்தியாயம் நன்றாக அமைந்தால் கதையைப் புத்தகமாகப் போடுவார்களாம். அத்தியாயம் நேரத்துக்கு வராவிட்டால் தொடர் நின்றுபோகுமாம். விடுவேனா? தை மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எதிரியின் குதிரைப்படையை உள்ளே விட்டேன். தோவாளை வயல்வெளியில் புழுதி பறக்க மோதல். எத்தனை தலைகள் உருண்டன என்று எனக்கே தெரியாது. உறையைக் கொடுத்தனுப்பிவிட்டு, அடுக்களையில் அகப்பையை வாள்போலச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் அவர் உறையோடு திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? தை மாசம், மாசியில அறுக்குற கும்பப்பூப் பயிரு பால் பிடிச்சு நிக்கும். அதுல கொண்டு குதிரைய விட்டிருக்கியே!"

"கதைதானே அது..."

"கதைன்னா? சேத்துல குதிரை எப்படி ஓடும்? புழுதி எங்க இருந்து பறக்கும்? அது போனா போகுது, பயிரு என்னாகும்? அந்தக் கைதிய அவுத்து விட்டப்பவே உன் ராஜா நல்லவன்னு நெனச்சேன். இப்ப ஊருச் சோத்துல மண்ணள்ளிப் போடுதானே!"

கைதியை விடுவித்தது மூன்றாவது அத்தியாயத்தில். அப்படியானால் ஒவ்வொரு வாரமும் பசை தடவுமுன் படித்திருக்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"மத்தியானம் தபால் பஸ் போயிருமே. இப்ப என்ன செய்ய?" என்றேன்.

"அறுப்பு முடியட்டும். பொறவு சண்டை போட்டா போதும்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாசி அறுவடை முடியும்வரை போர் வேண்டாம் என்று எங்கள் ராஜா தூது விட்டார், எதிரியும் சம்மதித்தான். எதிரிப் படை கணவாயில் சும்மா உட்கார்ந்து தின்பது என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அவனுவளையும் சூடடிக்க விடு" என்றார். எதிரித் தளபதி களத்தில் நெற்கதிரை அடித்தான். எப்படி அடிக்கவேண்டும் என்று இவர் எழுந்து நின்று காட்டியதில் மைக்கூடு கவிழ்ந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

கடைசி வரியின் மை காயுமுன் உறையைப் பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி வரப்பிலேயே ஓடினார். பஸ் கிளம்பிவிட்டது. கையைத் தட்டிக் கத்தி அதை நிறுத்தி, தபால் பையில் உறையைச் சேர்த்துவிட்டுத்தான் வந்தார்.

கொஞ்ச நாளில் ஆசிரியரின் பதில் வந்தது. புத்தகம் போடச் சம்மதம். கூடவே ஒரு கேள்வி: அறுவடைக்காகப் போர் நின்ற செய்தி எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று ஒரு சரித்திரப் பேராசிரியர் கேட்கிறார், ஆதாரத்தை உடனே எழுதவும்.

மறு தபாலில் நான் எழுதினேன்: "ஆதாரம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறது. வந்ததும் கேட்டு எழுதுகிறேன்."