மெமரி மாமாவின் நாலு டிபி

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவருக்குத் தெருவில் மெமரி மாமா என்று பெயர். எடுத்த படம் எதையும் அழிக்க மாட்டார். வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்ட படங்கள்கூட அவருக்கு வரலாறு. கம்ப்யூட்டரில் எது மக்கர் செய்தாலும், "மெமரி பத்தலை" என்பார்.

அவர் மனைவி ஒரு ஒலிப்புத்தகக் கம்பெனியின் குரல் தேர்வுக்காக, பாதி நாவலை அந்தக் கம்ப்யூட்டரில் வாசித்துப் பதிந்திருந்தாள். சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வியாழனன்று டிஸ்க் நிறைந்துபோய், அடுத்த அத்தியாயம் ஏறவில்லை.

"ஏங்க, பழைய படத்துல கொஞ்சம் அழிங்களேன்."

"அழிக்கிறதா? மெமரி வாங்கிட்டா போச்சு!"

வாங்கினார், எட்டு ஜிபி ரேம். கம்ப்யூட்டர் மூன்று சொச்சம்தான் பயன்படும் என்று கையை விரித்தது. கடைக்காரருக்குப் போனைப் போட்டுக் கத்தினார்.

"அண்ணே, ரேம் வேலை செய்யிற மேசை, டிஸ்க் பொருள் வைக்கிற அலமாரி. மேசையைப் பெருசாக்கினா அலமாரில இடம் வருமா? அதோட உங்களது முப்பத்திரண்டு பிட் சிஸ்டம். நாலு ஜிபிக்கு மேல அதுக்கு விலாசம் போட வராது."

மகானுபாவர் அசரவில்லை. வெள்ளிக்கிழமை, நாலாயிரம் ஜிபி கொள்ளும் நாலு டிபி டிஸ்க் வாங்கி மாட்டினார். வரலாறு முழுவதையும், கூடவே மனைவியின் குரலையும், வெட்டி அதில் ஒட்டினார். பழைய டிஸ்க்கில் இடம் கிடைத்துவிட்டது. அவளும் நிம்மதியாக மிச்சத்தை வாசித்து முடித்தாள். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் மெமரி மாமா இல்லையே! புது டிஸ்க்கில் இரண்டு டிபிதான் தெரிந்தது. மீதி வெறும் கறுப்புப் பட்டை.

"பழைய முறைல டிஸ்க்கைப் பிரிச்சிருக்கீங்கண்ணே. அதுல ரெண்டுக்கு மேல எண்ண வராது. முதல்ல அக்கா வேலை முடியட்டும், விடுங்க" என்றார் கடைக்காரர்.

"நாலுக்குக் காசு குடுத்துட்டு ரெண்டை வச்சுக்கவா? நான் என்ன இளிச்சவாயனா?"

சனிக்கிழமை காலை முறையை மாற்றும் பொத்தானைத் தேடிப் பிடித்தார். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று அது கேட்டது. கம்ப்யூட்டர் கேட்கும் கேள்வியை எந்த மனிதன் படிக்கிறான்? சரி என்று தட்டினார். கறுப்புப் பட்டை போயே போயிற்று.

"இங்க வந்து பாரு! எவ்வளவு இடம்!"

தலையைத் துவட்டியபடி, பதிவை அனுப்ப வந்தவள் திரையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"நான் வாசிச்சது எங்கங்க?"

அவர் அவள் குரலைத் தேடி மௌஸை உருட்டினார். திரை முழுக்க இடம் இருந்தது.