எழுபத்திரண்டு படிகள்

வேட்டியை மடித்துக் கட்டினார் என்றால் ராமமூர்த்தி கோட்டை ஏறப் போகிறார் என்று முனிச்சாலையில் அவர் தெருவுக்கே தெரியும். மகன் கோகுல்நாத் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்குப் போய், அங்கே பாழடைந்த கோபுரக் கோட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நான்கு மாதமாகிறது. கூரை கிடையாது, சுவரெல்லாம் காக்கைக் கூடு. படி அவ்வளவு குறுகல் என்பதால் தன் வீட்டுக் கூடத்திலும் பக்கவாட்டாகவே கால் வைத்து ஏறிக் காட்டுவார்.

"உச்சியில பச்சைக் கவுனு போட்ட பொம்பள நிக்கிறா மாப்ள. அப்பன்காரன் பூட்டி வச்சுச் செத்தவ. வெள்ளைக்காரனே ஏற மாட்டேங்கிறான். நான் ஒத்தையில போறேன், எழுவத்திரெண்டு படி!"

"போன வாரம் அம்பத்திரெண்டுன்னீங்களேண்ணே?" எதிர்வீட்டு அழகுமலை லேசில் விடமாட்டார்.

"அது எறங்குறப்ப எண்ணுனது. ஏறுறப்ப எழுவத்திரெண்டு!"

இவருடைய வீரம் ஊரறிந்தது. பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடுவார். கீழக்குயில்குடி மலையில் தெருவே ஏறியபோது அடிவாரத்தில் புளியோதரைத் தூக்குக்குக் காவல் இருந்தவர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று மனைவி பத்மாசினி சிரிக்காத நாளில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக நாலு பேர் அவர் பேச்சை வாய் பிளந்து கேட்கிறார்கள். பாவம், அந்தச் சுகத்தை எப்படி விடுவார்?

"போட்டோ இல்லையாண்ணே?" என்று அழகுமலை கேட்டபோது, "மகன் ரோலக் கழுவி அனுப்புவான், பாரு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

நேற்று அது தபாலில் வந்துவிட்டது. கூடத்தில் கதை சொல்லிக்கொண்டே ஐம்பதாவது படியில் அவர் நின்ற நேரம், பத்மாசினி உறையைப் பிரித்தார். உள்ளே இருப்பது ராமமூர்த்திக்குத் தெரியும். மேல் ஜன்னலில் மருமகள் ஸ்வர்ணாவும் பேத்தி இந்துப்ரியாவும் கையாட்டுவார்கள். கீழே, புல்தரையில், குரங்குக் குல்லாயோடு எல்லோருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். போச்சு, மானம் போச்சு. மடித்துக் கட்டிய வேட்டி தானாக அவிழ்ந்து இறங்கியது.

"என்னக்கா, அண்ணன் உச்சியில நிக்கிறாரா?" அழகுமலை எட்டிப் பார்த்தார்.

பத்மாசினி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது.

"எல்லாம் பேத்தி படந்தான் தம்பி. படிப் பக்கம் ஒரே இருட்டாம், இவரு ஏறுனது படத்துல விழலையாம்" என்றபடி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பினார். "என்ன, பாதியிலயே நிக்கிறீங்க? ஏறுங்க."

ராமமூர்த்தி வேட்டியை மறுபடியும் மடித்துக் கட்டினார்.