நடுவில் இருந்த கறுப்புத் தலை

இந்த நிகழ்ச்சிக்கு முன்பே சித்தூர் மாவட்டத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றவன் நான். பணி ஓய்வு பெறும்வரை உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஓவியப் போட்டிகளில் நான் அளித்த தீர்ப்பை எந்தத் தலைமையாசிரியரும் மாற்றச் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பின் மேற்கொண்ட வேலையும் பொழுதுபோக்கன்று. பிறர் கைவிட்ட பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து, பெரிய பலகைகளில் ஒட்டி, கோடும் வண்ணமும் இழைத்துப் புதிய ஓவியமாக்குகிறேன். அதில் ஒரு விதியை மீறியதில்லை: முகத்தின் மேலோ தலையின் மேலோ என் தூரிகை படாது.

திருப்பதியில் ஒரு ஸ்டுடியோ மூடப்பட்டபோது, அதன் உரிமையாளர் இரண்டு தகரப் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார். மலைக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு, தபாலில் அனுப்பியும் ஆள் இல்லாமல் திரும்பிய படங்கள் ஒன்றில், நெகட்டிவ்கள் மற்றொன்றில். படங்களில் பெரும்பாலோர் மொட்டையடித்துச் சந்தனம் பூசியவர்கள். அவர்களில் நாற்பது பேரைக் கொண்டு ‘இறங்கி வருவோர்’ என்ற ஓவியத்தை எட்டு மாதம் உழைத்து முடித்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சந்தனத் தலைகள் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பின் நடுவே, முடியோடு நின்ற ஒரே ஒரு மனிதரை வைத்தேன்.

பெயர் வாங்கித் தந்தது அந்தக் கறுப்புத் தலைதான். திருப்பதிக் கண்காட்சிக்கு வந்த விமரிசகர் ஒருவர், எல்லோரும் பணியும் இடத்தில் பணிய மறுத்தவர் என்று அவரைப் பற்றி எழுதினார். நான் அப்படி எண்ணி வைக்கவில்லை. ஆயினும் மறுக்கவும் இல்லை. பத்திரிகையில் வந்த அந்தத் துண்டைச் சட்டமிட்டு ஓவியத்தின் பக்கத்திலேயே மாட்டினேன்.

கண்காட்சியின் நான்காம் நாள், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

“மாஸ்டரு நீங்கதானா? நடுவுல நிக்கிறாரே, அவரு எங்க நைனா. முடிய யாரு வெச்சது?”

“புரியவில்லை, அம்மா.”

“ராமகுப்பத்துலர்ந்து வரேன் சார். பட்டுப்புழுவுக்கு எலய போட்டுட்டு மொத பஸ்ஸு ஏறினேன், மறைக்காம சொல்லுங்க. மூணு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சு வரல. வந்தா ரெண்டு பேர் முடியும் தரேன்னு சாமிக்கு மொக்கு, வேண்டுதலு. கூலிக்குப் போற மனுசன், என்னைத் தூக்கிக்கினு நடந்தே மலையேறி குடுத்துட்டு வந்தாரு. இப்ப ஊர்ல இந்தப் படத்தப் போன்ல பாத்துட்டு, அந்த சாமிக்கே நாமம் போட்டவன்டான்னு சிரிச்சிக்கினு கீறாங்க. செத்தவரு வந்து பதில் சொல்லுவாரா?”

“தலையின் மேல் நான் தூரிகை வைப்பதில்லை.”

“அப்ப எங்க நைனா பொய் சொன்னாரா?”

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். காணிக்கையாகக் கொடுத்த முடியைப் படத்தில் திரும்ப வரைவது, கொடுத்ததைப் பிடுங்குவதற்குச் சமம். அந்தப் பழி என் மேல் நிற்க வேண்டும். இல்லையேல் இறந்துபோன ஒரு மனிதர் மேல் நிற்க வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

எந்தப் படத்தையும் ஒட்டுமுன் அதன் பின்புறத்து எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். அந்த எண்ணைக் கொண்டு சித்தூரில் என் வீட்டில் நெகட்டிவ் பெட்டியை முழுவதும் அலசினேன். ஒரே எண்ணில் இரண்டு படங்கள் இருந்தன: ஒன்றில் அவர் தனியாக, மற்றொன்றில் இடுப்பில் குழந்தையோடு. மலை ஏறுமுன் ஒன்று, இறங்கியபின் ஒன்று என எடுப்பது அந்த ஸ்டுடியோவின் வழக்கமாம். உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்த உறையிலோ முதல் படம் மட்டுமே இருந்திருக்கிறது.

தகவல் சொன்னதும் அந்தப் பெண்மணி சித்தூருக்கு வந்தார். இரண்டாவது நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“இதுலயும் தல கறுப்பாத்தான கீது? இடுப்புல இருக்கற புள்ளைக்கும் முடி கீதே!”

“நெகட்டிவில் வெளுப்பெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், அம்மா.”

“ஆமாமா. வெளுப்பக் கறுப்பாக்கறதுல நீங்க கெட்டிக்காரருதான்.”

என் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பின்கட்டில் நான் அமைத்திருக்கும் இருட்டறைக்கு அவரை அழைத்துச் சென்றேன். சிவப்பு விளக்கின் கீழ், மருந்து நீரில் கிடந்த தாளில் முதலில் கட்டம் போட்ட சட்டை எழுந்தது. பிறகு குழந்தையின் கவுன். பிறகு இரண்டு ஜோடிக் கண்கள்.

“தல வரலியே சார். இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்.”

“இதற்கு மேல் வராது.”

அவர் குனிந்து பார்த்தார். “மொட்ட! அப்பனும் மொட்ட, புள்ளையும் மொட்ட!” என்று சிரித்தார். “காதப் பாரு சார், மொறம் மாதிரி. இந்தக் காத வெச்சிக்கினுதான் நான் பேசறதுக்குக் காத்துக்கினு இருந்தாராம்.” சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: “இத மாட்டுவீங்களா, இல்ல பொட்டியிலயே போட்டுடுவீங்களா?”

கண்காட்சி அமைப்பாளர் ஒப்பவில்லை. கறுப்புத் தலையை எடுத்தால் அது வெறும் மொட்டைகளின் வரிசையாகிவிடும் என்றார். கலைக்கணக்கில் அவர் சொன்னது தவறன்று. அது எனக்கும் தெரியும். ஆயினும் மறுநாள் காலை, பார்வையாளர்கள் இருக்கும்போதே, ஏணி போட்டு ஏறினேன். ஒட்டிய படத்தைக் கிழியாமல் உரிப்பது ஓவியம் தீட்டுவதைவிடக் கடினம். ஓரம்கூடச் சேதமின்றி எடுத்தேன். இரண்டாவது படத்தை அந்த இடத்தில் ஒட்டினேன். உரித்த படத்தையும் புதிதாக அச்சிட்ட ஒரு பிரதியையும் அந்தப் பெண்மணியிடம் கொடுத்தேன். பத்திரிகைத் துண்டைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஓவியத்தில் இப்போது அந்த மனிதரைத் தேடித்தான் காண வேண்டும். அது என் படைப்புகளில் சிறந்தது என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் முடி வரைந்தேன் என்றும், அந்தப் பெண்மணி அழுததைக் கண்டு இரங்கி அதை அழித்தேன் என்றும் சிலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். அவர் அழவில்லை. நான் எதையும் வரையவுமில்லை, அழிக்கவுமில்லை. முடி அந்த மனிதருடையது. மலை ஏறும்போது இருந்தது. அதை இறங்கி வருவோர் நடுவில் வைத்தவன் நான்.