பரிமளாவின் பாதி

சேவூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வீடு பரிமளா அக்காவுடையது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவார். அதைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டையில் துளை அடிப்பார்கள். 2005இல் அவரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு டிசைன்கள் இருந்தன. எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்.

அந்த வருடம் ஆவணியில் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. கணவரின் அண்ணன் கந்தசாமி தன் மகளின் கல்யாண வீடியோவை அதில் ஏற்ற நினைத்திருந்தார்.

"உன் கட்டம் போட்ட படத்தையெல்லாம் அழிச்சிடும்மா. ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்ல வராங்க."

"மூணு வருச வேலை மாமா. அழிக்க மாட்டேன்."

அக்கா பழைய பில்லை எடுத்துப் பார்த்தார். எண்பது ஜிபி என்று இருந்தது. திரை காட்டியதோ முப்பத்தேழு. விற்ற கடைக்காரர் பரசுராமனுக்குப் போன் போட்டார்.

"மீதி எங்கங்க போச்சு?"

"கம்பெனி கணக்கு அப்படித்தாம்மா. பேஜார் பண்ணாம புதுசா ஒரு டிஸ்க் வாங்கிக்கோங்க."

"பன்னெண்டு முழப் புடவைன்னு ஆறு முழத்த மடிச்சிக் குடுத்தா உங்க வீட்ல கட்டிப்பாங்களா?"

பரசுராமன் போனை வைத்துவிட்டார்.

அக்கா ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தார். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் ஒரு பட்டை தெரிந்தது. பாதி நீலம், அது இதுவரை பயன்படுத்திய சி டிரைவ். மறுபாதி கறுப்பு, கடையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவராமலே விட்ட இடம். பெயர்கூட வைக்காமல் விட்டிருந்தார்கள்.

இரண்டையும் சேர்க்க இரண்டு நாள் போராடினார். தறியில் பழைய பாவு நூல் முடியும்போது, அதன் முனையோடு புதுப்பாவை இழை இழையாக முடிந்துதான் பழக்கம். இங்கே அது நடக்கவில்லை. சனிக்கிழமைதான் அவருக்குப் பிடிபட்டது: இது பாவு இல்லை, பக்கத்தில் தனியாகப் போட வேண்டிய இன்னொரு தறி.

கறுப்பின் மேல் வைத்து, தனிப் பிரிவு உண்டாக்கும் 'நியூ பார்ட்டிஷன்' கொடுத்தார். கணவர் தமிழ்வாணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபார்மட்னு கேக்குது. எல்லாம் போயிடும்!"

"கறுப்புலதானே பண்றேன். போறதுக்கு அதுல இன்னா இருக்கு?"

அழுத்திவிட்டார். நூறு சதவீதம் வந்ததும் கறுப்பு நீலமானது. டிசைன்கள் அத்தனையையும் அங்கே மாற்றினார்.

ஞாயிறு காலை கந்தசாமி வீடியோவோடு வந்தார். திரையில் புது டிரைவின் பெயர் PARIMALA என்றிருந்தது.

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல உன் பேரா?"

"பாதியிலதான் மாமா. பழைய பாதில இடம் காலி பண்ணி வச்சிருக்கேன், உங்க வீடியோவ அங்க போடுங்க."