இடப்பக்கம் சுற்றிய கட்டு

முந்திரி ஒட்டுக்கன்றின் கழுத்தில் சுற்றிய பாலித்தீன் நாடாவைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிட்டுப்போகும். நான் வலக்கைக்காரி. என் நாடா வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். சுற்றுவதில்லை.

கடலூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் தோட்டக்கலை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டைவிட்ட எனக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் கம்மாபுரத்து அக்கா. கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்தவர். இடக்கைக்காரர். வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, நல்ல மரத்திலிருந்து வெட்டிய ஒட்டுக்குச்சியைச் செருகி, எங்களுக்கு நேர்மாறாக நாடாவைச் சுற்றுவார். அதற்குமேல் குச்சி ஐஸ் உறை போல ஒரு பாலித்தீன் உறையை மாட்டுவோம். அவர் உறைகளுக்குள் யாரோ மூச்சுவிட்டதுபோல ஈரம் பூத்திருக்கும். என் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் பட்டுப்போகும். "ஒனக்குக் கை பதறுது. அது செடிக்குத் தெரிஞ்சிடும்" என்பார்.

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போய்வந்த மறுநாள் காலை, நிழல்வலைக் கூடத்துக்குள் நான் மட்டும் நுழைந்தேன். மூன்று நாளாகக் கூடம் பூட்டிக் கிடந்தது. என் கன்றுகள் நின்ற பைகளில் மண் வெடித்திருந்தது. அவர் பைகளில் மட்டும் ஈரம். உறைகளுக்குள் செம்புநிறத் துளிர் விரிந்திருந்தது. யார் தண்ணீர் ஊற்றியது என்று நினைக்கவே பயமாயிருந்தது. ஆனாலும் அவர் தேர்வு எண் எழுதிய அட்டைகளை அவிழ்த்து என் பட்ட குச்சிகளில் கட்டினேன். என் எண்ணை அவர் கன்றுகளில் கட்டினேன். தேறிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் கணவர் வந்தார். "அவ கட்டுனது எதுனா நிக்குதாம்மா? வீட்டாண்ட நட்டு வைக்கலாம்னு புள்ள கேக்குறான்."

எல்லாம் பட்டுவிட்டது என்று சொல்லி, அட்டை தொங்கும் குச்சிகளைக் காட்டினேன். அதில் ஒன்றைப் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டு போனார். அந்தக் காட்சியை மறக்க நான் செய்யாத முயற்சியில்லை.

அதற்குப்பிறகு என் ஒட்டு ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கீரப்பாளையத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கைராசிக்காரி என்கிறார்கள். வலப்பக்கமாகத்தான் தொடங்குவேன். முடிச்சுப்போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால் நாடா இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம் தலை நரைத்த ஒருவர் முந்திரிக் கன்று கேட்டு வந்தார். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஒரு கன்றைத் தூக்கி, நாடாவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இத யாரும்மா கட்டுனது? எம் பொண்டாட்டி இப்டித்தான் சுத்துவா."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை முழுக்க உறைகளுக்குள் ஈரம் பூத்திருந்தது.

"அக்கா கட்டுனதுதான் மாமா" என்றேன். "அன்னைக்கு அவுங்களோடது ஒண்ணுகூடப் பட்டுப்போகல. நான்தான் அட்டைய மாத்திக் கட்டுனேன்."

அவர் கன்றைக் கீழே வைக்கவில்லை. நாடாவில் வைத்த விரலையும் எடுக்கவில்லை.