இடது ஓரத்துப் பந்து

அந்த சீசனில் பர்மாவில் நான் சேர்ந்த கால்பந்து கிளப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழரும் இருந்தார். கோல்கீப்பர். த்வாண்டேக்காரர், என்னைவிட மூத்தவர். நான் தாகேதாவில் வளர்ந்த டிஃபெண்டர். எந்த கிளப்பும் என்னை அதிக நாள் வைத்துக்கொண்டதில்லை. ஒன்று கழற்றிவிட்டால் அடுத்ததைத் தேடிப் போவேன். போன இடத்திலெல்லாம் புதியவன். அதனால் ஒருவரை 'அண்ணே' என்று கூப்பிடக் கிடைத்ததே பெரிதாக இருந்தது. மிங்கலாடோனில் வீரர்கள் தங்கும் விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு மேட்ச் தோற்றோம். இடது ஓரத்திலிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து அது. அவர் கை நீட்டுவதற்குள் வலைக்குள் போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்னப் பையன்கூடப் பிடிச்சிருப்பான். யாரோ அவனை விலைக்கு வாங்கிட்டாங்க," என்றார் பர்மிய மொழியில். "ஃபோன்ல தமிழ்லயே பேசுறான். உனக்குத்தான் புரியும். கொஞ்சம் கவனி."

"சரி, சயா," என்றேன். மேலே இருப்பவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மறுத்தால் சந்தேகம் என் பக்கம் திரும்பும்.

இரண்டொரு நாளில் அறைக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். "இங்க யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்று அண்ணன் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் ஃபோனை வைத்துவிட்டார்.

"யாருண்ணே?"

"வீட்லதான்."

நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தைவிட அவரையே அதிகம் பார்த்தேன். அந்த நேரத்தில் எதிரணி ஃபார்வர்ட் என்னைத் தாண்டிப் போய் கோல் அடித்தான். "எங்கடா பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்று அவர் கத்தினார்.

அந்த வாரம் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கூட்டத்தோடு கூட்டமாக அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். டவுனில் இறங்கி ஒரு கண் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். வெளியே வந்தவர் நேராக என் எதிரில் வந்து அமர்ந்தார்.

"மேனேஜர் அனுப்பினாரா?"

"ஆமாண்ணே."

அவருக்குக் கோபம் வரவில்லை. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப நீ சிரிக்கிறியா, முறைக்கிறியான்னுகூடத் தெரியல. எல்லாம் புகையா இருக்கு. ஆபரேஷன் பண்ணணுமாம். சொன்னா நாளைக்கே மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க."

அப்போதும் பாதிதான் நம்பினேன். நன்றாகத் தயார் செய்த கதையோ என்று மனசு அரித்தது. ஆனால் டீ கிளாஸை எடுக்கப் போன அவர் இடது கை, அதைத் தட்டிக் கவிழ்த்தது.

அடுத்த மேட்சிலிருந்து அவருக்கு இடப்பக்கமாகவே நின்றேன். பந்து அந்தப் பக்கம் வந்தால் "அண்ணே, இடது!" என்று தமிழில் கத்தினேன். தோல்விகள் குறைந்தன.

மேனேஜர் கேட்டார்: "என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல, சயா. வீட்டு விஷயம்தான் பேசுறார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மைதானத்துல ரெண்டு பேரும் தமிழ்ல என்னத்தைக் கத்திக்கிறீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு நான் போனால் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றது. சீசன் முடிந்ததும் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

அவர் ஆபரேஷன் செய்துகொண்டு த்வாண்டேயில் இருக்கிறார். கண் பரவாயில்லையாம். நான் வேறு கிளப்புக்குப் போனேன். முதல் நாள் கேப்டன் கை குலுக்கிவிட்டு, "உன்னைப் பத்தி கேள்விப்பட்டோம்," என்றான். என்னவென்று கேட்டேன். சிரித்தானே தவிரச் சொல்லவில்லை. அந்த சீசன் முழுக்க, நான் பின்னால் பந்தைத் தட்டிக் கொடுக்கும்போதெல்லாம் அங்கிருந்த கோல்கீப்பர் முதலில் என் முகத்தைப் பார்ப்பான், அப்புறம்தான் பந்தை.