முருகனுக்குப் படைத்த மக்ரூன்

முருகனுக்கு முட்டை படைத்த குடும்பம் எங்களுடையது. நாங்களாகப் படைக்கவில்லை, நாங்கள் கும்பிடுகிற சாமியும் அவரில்லை. ஆனாலும் முட்டை எங்கள் வீட்டு முட்டை. அதைப் பூஜைத் தட்டில் பார்த்த நிமிடத்தில் அம்மாவின் முகம் வெளுத்த வெளுப்பை நான் இன்னும் மறக்கவில்லை. பேயறைந்த மாதிரி என்று சொல்வார்கள். பேய் அறைந்தால்கூட அவ்வளவு வெளுக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா ஓவர்லாக் டெய்லர். நாலைந்து சின்ன வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். தலைமுறையாகத் தறி ஓட்டிய குடும்பம் அது. பிற்பாடு தறிகளை எடுத்துவிட்டு அதே கூடத்தில் தையல் மெஷின்களைப் போட்டு டீ-சர்ட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், அவர் கணவரைப் பெரியப்பா என்று. ஊரும் வேறு, மதமும் வேறு. கூப்பிட்டுக் கூப்பிட்டே உண்டான உறவு அது.

அவர்கள் ஒன்றும் சைவக்காரர்கள் இல்லை. மற்ற நாட்களில் பெரியம்மா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் எங்கள் வரிசை முழுக்கக் கிண்ணத்தோடு காத்திருக்கும். மார்கழி பிறந்து பழனிக்கு மாலை போட்டுவிட்டால்தான் கதை வேறு. தைப்பூசத்துக்கு நடந்து போய்த் திரும்பும்வரை கேட்டுக்குள் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக் கூடாது. குடியிருப்பவர்களுக்கும் அதே சட்டம்தான். "கவிச்சி மட்டும் ஆகாதுங்க தம்பி. மத்தபடி உங்க ஊடு மாதிரி இருந்துக்கலாம்" என்று வீடு கொடுக்கும்போதே பெரியப்பா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதை மீறிக் கருவாடு வறுத்த ஒரு குடும்பம், வறுத்தது ஆறுவதற்குள் சாமான்களை ஆட்டோவில் ஏற்றியதை நாங்களே பார்த்திருக்கிறோம். கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில், தண்ணீர்க் கஷ்டம் இல்லாத வேறு வீடு எங்களுக்குக் கிடைக்காது என்று அப்பா அடிக்கடி சொல்லுவார்.

இதில் ஒரே ஒரு சிக்கல், இயேசு டிசம்பரில் பிறந்துவிட்டார். எந்த வருடமும் எங்கள் கிறிஸ்துமஸ் அவர்கள் விரதத்துக்குள்தான் வந்து விழும். சர்ச்சில் போடுகிற பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஏப்பம் வந்தால் தெருவிலேயே விட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்போம்.

அந்த வருடம் தீபாவளி போனஸில் அம்மா ஓர் ஓவன் வாங்கியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்தே அவளுக்கு மக்ரூன் ஞாபகம்தான். தூத்துக்குடிக்காரிக்கு மக்ரூன் இல்லாத கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸே இல்லை. அதற்கு வேண்டிய முந்திரிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்குப் பெரியம்மாவே வழிகாட்டினார். மடத்துக்குளத்தில் இருந்த அவர் பிறந்த வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் வரும். வீட்டுக்கு இவ்வளவென்று எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். முந்திரிக்குப் பதில் தேங்காய் என்று அம்மா முடிவு செய்தாள்.

ஆனால் முட்டைக்குப் பதில் எதுவும் கிடையாது. மக்ரூனில் முட்டை சேர்ப்பது என்று சொல்வதே தப்பு. நுரைத்து நிற்கிற முட்டை வெள்ளைதான் மக்ரூன், மற்றதெல்லாம் அதில் போய்ச் சேர்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது அப்பா பைபிள் பைக்குள் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி முட்டைகளைக் கொண்டுவந்தார். கதவைச் சாத்தினோம். டிவி சத்தத்தைக் கூட்டினோம். அம்மா மஞ்சள் கருவைத் தனியாகப் பிரித்துப் பாலில் கலந்து எனக்கும் அப்பாவுக்கும் கொடுத்துவிட்டு, வெள்ளையை அடிக்க உட்கார்ந்தாள். அம்மாவும் அப்பாவும் கை மாற்றிக் கை மாற்றிச் சீனி தூவி அடித்தார்கள். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, பாத்திரத்தை என் தலைக்கு மேல் கவிழ்த்தாள் அம்மா. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சொட்டும் விழவில்லை. ஈரம் போக வறுத்து வைத்த தேங்காய்த் துருவலை அதில் கலந்து, டீ-சர்ட் போட்டுவரும் பாலிதீன் கவரின் மூலையை வெட்டி, அதற்குள் நிரப்பிச் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்தாள்.

ஓவனைத் திறந்ததும் கிளம்பிய வாசனைக்குக் கதவு தெரியுமா, கேட்டு தெரியுமா? அடுத்த நிமிடம் கதவு தட்டப்பட்டது. அப்பா முட்டை ஓட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"ஏனம்மணி, பட்டப்பகல்ல கதவச் சாத்திப்போட்டு என்ன பண்றீங்க? வாசம் எங்கூட்டு வரைக்கும் தூக்குது" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா உள்ளே வந்தார். கழுத்தில் மாலை. நெற்றி நிறையத் திருநீறு.

"நீங்க குடுத்த தேங்காதான் யக்கா. சீனி போட்டு..." என்றாள் அம்மா.

"அரிசி, பருப்பு ஒண்ணும் சேக்கலீங்களே? தேங்காயும் சக்கரையும்னா விரதத்துக்குத் தோசமில்ல."

அம்மா தலையை ஆட்டினாள். அரிசியும் பருப்பும் சேர்க்கவில்லைதானே. பொழுது விழுந்த பிறகுதான் வாயில் வைப்பேன் என்று சொல்லி, ஒரு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு பெரியம்மா போனார். கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தேங்காய் அவர்களுடையது, வீடும் அவர்களுடையது. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பூஜைக்கு வழக்கம்போல எங்களையும் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும் என்பதால் போனோம். முருகன் படத்துக்கு முன்னால் வாழைப்பழம் இருந்தது, பஞ்சாமிர்தம் இருந்தது, நடுவில் ஒரு வாழையிலையில் எங்கள் மக்ரூன்கள் வரிசையாக நின்றன. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. வலிக்கிறது என்று சொல்லத் திரும்பியபோதுதான் அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா கற்பூரம் காட்டினார். மகளின் பெயரைச் சொல்லி வாய்விட்டே வேண்டினார். உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அவர்கள் மகளுக்கு வெகுநாளாகக் குழந்தை இல்லை. மூன்று தைப்பூசத்துக்கு விடாமல் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று பெரியம்மா வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு முடிந்திருந்தது. "இந்த ஒரு தடவ. இதயும் நல்லபடியா நடக்க வெச்சுரு முருகா" என்று பெரியப்பா சொன்னபோது பெரியம்மா கண்ணை மூடி நின்றார். எல்லாரும் அரோகரா சொன்னார்கள். கூட்டத்தோடு நானும் உரக்கச் சொன்னேன், அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பிறகு பிரசாதம். மாலை போட்டவர்கள் ஒவ்வொருவர் கையிலும் பெரியப்பா ஒரு மக்ரூன் வைத்தார். கடைசியில் எங்களிடமும் வந்தார். எங்கள் வீட்டிலிருந்து போன முட்டை முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்பா இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, அப்படியே நின்றார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் கைக்குள் அது பொடியாகிவிட்டது.

"வாயில வெச்சதும் கரையுதுங்களே!" என்று பெரியப்பா அதிசயப்பட்டார். "இது நாள்பட்டாலும் கெடாதுன்னு ஊட்டுல சொன்னாங்க. பாதயாத்திரைக்கு இதையே போட்ருங்க அம்மணி. நடக்கற அத்தன பேருக்கும் உங்க கைப்பக்குவந்தான்."

அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கே நினைவிருந்திருக்காது.

அம்மாவும் அப்பாவும் முட்டை இல்லாமல் செய்து பார்த்தார்கள். பால் ஊற்றிச் செய்தது காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. மாவு சேர்த்துச் செய்ததைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும். பேசாமல் பழையபடியே செய்து கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. "ஏட்டி, தெரியாமத் திங்கவியளுக்கு ஒண்ணும் வராது. வாயத் தொறந்த, நாளைக்கு நாம ரோட்டுலதான்."

"அவியளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே" என்றாள் அம்மா. ஒட்டிக்கொண்ட காகிதத்தைச் சுரண்டிக்கொண்டே, "அந்த அக்கா பிள்ளைக்காக நடக்கா. என்னால முடியாது" என்று அழுதாள்.

மறுநாள் பெரியப்பா தைத்த துணிகளை டெலிவரி கொடுக்கப் போன நேரம் பார்த்து அம்மா கிளம்பினாள். அடி விழுந்தால் தடுக்கலாம் என்று நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். பெரியம்மா கூடத்தில் டீ-சர்ட்டுகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, அந்த மக்ரூன்ல முட்டை இருக்கு." அம்மா உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டாள்.

கத்தரி நின்றது. பெரியம்மா நிமிரவில்லை. மடியில் இருந்த துணியையே பார்த்தார். "முட்டைங்களா?" என்றார். அவர் கை மாலையிடம் போனது. தொடவில்லை, பாதியிலேயே இறங்கிவிட்டது. அம்மா முகம் வெளுத்ததை நான் பார்த்திருந்தேன். பெரியம்மா முகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் பெரிய மனுஷியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டக் காலி பண்ணிருதோம் யக்கா. மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேன்."

"எங்கூட்டுக்காரருக்குத் தெரியுமுங்களா?"

"இல்ல."

"தெரிய வேண்டாம். தெரிஞ்சா அத்தன பேரும் மாலையக் கழட்டோணும். தெரியாமத் தின்னவங்களுக்குத் தோசமில்ல." பெரியம்மா கத்தரியைக் கீழே வைத்தார். "யாத்திரைக்குப் பண்ண வேண்டாம். ஓவன் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்." நாங்கள் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் அம்மணி."

நான் திடுக்கிட்டுப் போனேன். உண்மையைச் சொன்னால் கர்த்தர் சந்தோஷப்படுவார் என்று சண்டே ஸ்கூலில் வாராவாரம் சொல்லித்தருகிறார்கள். ஒரு பெரியவர், அதுவும் மாலை போட்டவர், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்கிறாரே! அம்மாவைக் கேட்டேன். பெரியம்மா கடைசியாகச் சொன்னது அவளுக்குக் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாரம் இறங்கியவளாக வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தாள். வீடு தப்பித்தது என்று அப்பா ஸ்தோத்திரம் சொன்னார். இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்கள்.

தைப்பூசத்துக்கு எல்லாரும் புறப்பட்ட காலையில் மேளம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். பச்சை வேட்டியும் காவடியுமாகக் கேட்டை நிறைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. பெரியம்மா மட்டும் சாதாரணச் சேலையில் ஓரமாக நின்றார். கழுத்தில் மாலை இல்லை.

"மூணாவது வருசம் பாத்து இவளுக்குக் கால் வலியாமா!" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். "பெத்த புள்ளைக்கு வேண்டுனத இப்படியா உடுவ? சாமிகிட்ட என்னத்தச் சொல்றது நான்?"

"நடக்க முடியாதுங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றார் பெரியம்மா. முந்தின நாள்கூட அவர் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியதை நான் பார்த்திருந்தேன். அதைப்பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அம்மா, பெரியம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். பூஜையன்று பார்த்த அதே வெளுப்பு. அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்தேன்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பெரிய வீடு பூட்டிக் கிடக்காது, பெரியம்மா எங்கும் போகமாட்டார். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன். "அப்ப நீங்க எங்ககூடத்தான் இருப்பீங்களா பெரியம்மா?"

"ஆமா கண்ணு. இங்கதான்."

அவர் கையைப் பிடித்தபடியே, மேளத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினேன்: "பெரியம்மா எங்களுக்காகத்தான் போகல!" கேட்டில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். கோபத்தில் இருந்த பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்ட பெருமையில் நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.